மேல் நிலையத்தில் பதினோரு நாள்

— மூடியைத் திருகுங்க மதினி, சூப்பு ஆறுது.

— ஆறினா ஆறட்டும். சூடாக் குடிக்கணும்னு ஆசை இருந்தா இறங்கி வரட்டும்.

— ஆறட்டும்னு சொல்லிக்கிட்டே கம்பளித் துணியை ரெண்டு சுத்து சுத்துறீங்க.

— தூக்கு நசுங்கிடக் கூடாதுன்னு.

— அது எங்க அப்பா காலத்துத் தூக்கு. குதிரை மிதிச்சும் நசுங்கலை.

— வெள்ளைப்பல்லு, இன்னைக்கு உனக்கு வாய் ரொம்பத்தான் நீளுது.

— அந்தப் பேரை இன்னுமா விடலை நீங்க? எனக்கு முப்பத்திமூணு வயசு. முன்னாடி இருக்கிற ரெண்டும் தங்கப் பல்லு. ஜரில்பெக்னு நல்ல பேரு ஒண்ணு இருக்கு.

— வாழ வந்தவ கொழுந்தன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க அம்மாதான் சொன்னாங்க. அன்னைக்கு உனக்குப் பதினாலு வயசு, சிரிச்சா பல்லு மட்டும்தான் தெரியும். வச்சேன். லிஃப்ட் நாற்காலி வந்து வாயில இடிக்கிற மாதிரி நீ நின்னதுக்கு நான் பேரை மாத்த முடியுமா?

— சரி, பேரு போகட்டும். பதினோரு நாளாச்சு. அண்ணன் மலைக்கு மேல, நீங்க அடிவாரத்துல. நடுவுல ஆயிரத்து நானூறு மீட்டர் இரும்பு வடம், அதுல தொங்குற லிஃப்ட் நாற்காலிங்க. காலையில ஒரு நாற்காலியில தூக்கைக் கட்டி அனுப்புறீங்க. சாயங்காலம் அது கழுவித் துடைச்சுத் திரும்பி வருது. பேசிக்கிறது எல்லாம் இந்த மணியிலதான். ஒரு மணி அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா ஓட்டு.

— மூணு அடிச்சா மெதுவா.

— ஆமா, மூணு அடிச்சா மெதுவா. இஸ்ஸிக்-குல் ஏரியைச் சுத்தி இப்படிக் குடும்பம் நடத்துற ஜோடி வேற எங்கயும் கிடையாது.

— எங்க வீட்டுல சத்தம் கேக்குதா? இல்லைல்ல. உன் வீட்டுச் சத்தம் காரகோல் பஸ் நிலையம் வரைக்கும் கேக்குது.

— அதனாலதான் ஊரு எங்களைப் பத்திப் பேசறதில்ல, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். உங்களைப் பத்தித்தான் பேசுது. ரொட்டிக்கடையில நீங்களே சொன்னீங்களாமே, 'நான்தான் விரட்டினேன், மன்னிப்புக் கேக்கிற வரைக்கும் மேலயே கிடக்கட்டும்'னு.

— சொன்னேன்.

— பத்துப் பேருக்கு முன்னாடி.

— பன்னிரண்டு பேரு. வரிசையில நான்தான் கடைசி, எண்ணிப் பாத்தேன்.

— அப்படி என்ன சண்டை மதினி?

— அது எனக்கும் உங்க அண்ணனுக்கும் உள்ளது.

— ஊருல இப்ப ரெண்டு கட்சி. பொண்டாட்டி லிஃப்டுக்குச் சீஃப் ஆனது பெய்ஷெனுக்குப் பொறுக்கலைன்னு ஒரு கட்சி. சீஃப் ஆனதும் கனிஷாய்க்குத் தலைகால் புரியலைன்னு இன்னொரு கட்சி.

— நீ எந்தக் கட்சி?

— எனக்குக் கறி வச்சு மாந்தி அவிச்சுப் போடுற கட்சி.

— அப்ப உட்காராதே, எந்திரி. நாளைக்குப் பத்து மணிக்கு பிஷ்கேக்ல இருந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. இன்னைக்குக் காலையில மணல் மூட்டை எல்லாம் ஏத்தி ஓட்டிப் பாத்தாச்சு. முழுப் பாரத்தோட பிரேக் எட்டு மீட்டருக்குள்ள பிடிச்சுது. நிறுத்தினா ஒரு அங்குலம்கூடப் பின்னால நழுவலை. எல்லாம் சரி. ஆனா ஓட்டுற நாம மூணு பேரும் கீழ வந்து, அவர் கண்ணு முன்னாடி பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். அது சட்டம்.

— மூணாவது கையெழுத்து மேல உட்கார்ந்து உங்க சூப்பைக் குடிச்சுக்கிட்டிருக்கு.

— அது இல்லாம சனிக்கிழமை லிஃப்ட் திறக்காது. திறக்கலைன்னா ஊருல எத்தனை வீட்டுல அறை காலியாக் கிடக்கும்னு உனக்கே தெரியும். இந்த மலைக்குப் பனியில சறுக்க வர்றவன் நடந்தா ஏறப் போறான்?

— நீங்க போனை எடுத்து ஒரு வார்த்தை 'வாங்க'ன்னு சொன்னா முடிஞ்சுது.

— நான் சொல்ல மாட்டேன். நீ போய்க் கூட்டிக்கிட்டு வா.

— வராட்டி?

— வராட்டி ரேடியோவுல சொல்லு.

— எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை மதினி. சீஃப் பரீட்சைக்கு ரெண்டு பேருமாத்தானே பேர் கொடுத்தீங்க?

— ரெண்டு பேரும்தான். எழுத்துல நான் தொண்ணூத்தியொண்ணு, அவர் எழுபத்தியெட்டு. ரெண்டு பேருமே பாஸ். கம்பம் ஏறிக் காட்டுற பரீட்சை இங்கயே நடந்துச்சு. அதுக்கு அவர் வரலை.

— இருபது வருஷமா மலையாடு மாதிரி ஏறுற மனுஷன். அன்னைக்கு வீட்டுல உட்கார்ந்து டீயா ஊத்திக் குடிச்சாரு. கோவம் இல்லாம வேற என்ன? எழுத்துல பொண்டாட்டி பதிமூணு மார்க்கு கூட வாங்கிட்டா.

— அந்தப் பதிமூணுல பத்து, முதல் கேள்வியிலயே போச்சு. நாற்காலி லிஃப்ட் முதமுதல்ல எங்க, எப்படி வந்துச்சுன்னு கேட்டிருந்தாங்க. உங்க அண்ணன் என்ன எழுதினார் தெரியுமா? 'எங்க ஊர்ல. எங்க அப்பா குதிரையில சிமெண்டு கொண்டு போனார்.'

— அதுல என்ன தப்பு? கொண்டு போனாரே. பதினாலு கம்பத்துக்கும் அஸ்திவாரம் அவர் கொண்டு போன சிமெண்டு. ராணுவ ஹெலிகாப்டர் வந்து கம்பத்தை இறக்குறப்ப எங்க குதிரை மிரண்டு ஓடி, ரெண்டு நாள் கழிச்சு அடுத்த பள்ளத்தாக்குல கிடைச்சுது.

— அதெல்லாம் எழுபத்தியேழாம் வருஷத்துல. அதுக்கு நாப்பது வருஷம் முந்தியே அமெரிக்காவுல வந்தாச்சு. ஐடஹோன்னு ஒரு இடம். ஒரு ரயில் கம்பெனிக்குக் குளிர்காலத்துல ரயில் காலியா ஓடுது. பனிமலையில ஓட்டல் கட்டினா கூட்டம் வரும்னு கட்டினாங்க. வந்தவன் சறுக்கி இறங்கிடுவான், திரும்ப மேல போகணுமே. அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர், கப்பல்ல வாழைத்தார் ஏத்துறதுக்குக் கொக்கி வச்ச வடத்தைப் பாத்தவர். வடம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். ஆளு தாரை மாட்டிவிடுவான், அது பாட்டுக்குப் போகும். இவர் கொக்கியைக் கழட்டிட்டு நாற்காலியை மாட்டினாரு.

— வாழைத்தாருக்குப் பதிலா மனுஷன்.

— அவ்வளவுதான். வடம் நிக்கக் கூடாது, ஆளு ஓட்டத்துலயே உட்காரணும். எந்த வேகத்துல வந்தா விழாம உட்காருவான்னு தெரியலை. வெயில் காலம், பனி இல்ல. ஒரு லாரிக்குப் பக்கவாட்டுல நாற்காலியைக் கட்டினாங்க. ஆளை வைக்கோல் மேல நிறுத்தி, லாரியைப் பின்னாலேருந்து ஓட்டிக்கிட்டு வந்து அள்ளப் பாத்தாங்க. வைக்கோல் சரிப்படலை. அப்புறம் காலுல சக்கரம் வச்ச பூட்ஸைப் போட்டு நிறுத்தினாங்க.

— எத்தனை பேருக்குப் பல்லு போச்சு?

— அது புத்தகத்துல இல்ல. உன்னைப் பாத்திருந்தா எழுதியிருப்பாங்க.

— இதைச் சொன்னா அண்ணனுக்குக் கோவம் இன்னும் கூடும். வாழைத்தார் பரம்பரைன்னா எங்க அப்பா குதிரை என்ன ஆகுறது.

— பேசிக்கிட்டே நிக்கிறே. நாற்காலி வருது பாரு. முழங்காலை மடக்கு. தூக்கை மடியில வச்சுக்க. குறுக்குக் கம்பியைப் போடு.

*

— மதினி, கேக்குதா? அஞ்சாம் நம்பர் கம்பத்தைத் தாண்டிட்டேன்.

— கேக்குது. கம்பத்துல வடம் ஓடுற உருளை எல்லாம் சுத்துதான்னு பாத்துக்கிட்டே போ. ரேடியோவை வச்சு வம்பளக்காதே.

— சுத்துது சுத்துது. இப்ப நான் எந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுங்க பாப்போம்.

— முப்பத்தியேழு.

— எப்படித் தெரியும்?

— கிளம்பும்போதே கிறீச்சுன்னுச்சு. அந்தச் சத்தத்தை எட்டு வருஷம் கேட்டிருக்கேன்.

— ஆமா ஆமா, உங்க பிறந்த வீட்டு ஊஞ்சல். லிஃப்ட் நின்னு போன காலத்துல ஊருல எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நாற்காலி தொங்கும். கிராமத் தலைவர் வீட்டுல மூணு. பள்ளிக்கூடத்துல ரெண்டு. ஒருத்தர் கோழி அடையறதுக்கு மாட்டியிருந்தாரு.

— உங்க அப்பாவும் உங்க அண்ணனும் மட்டும்தான் வருஷா வருஷம் வடத்துக்குக் கிரீஸ் தடவிக்கிட்டு இருந்தாங்க. ஊரே சிரிச்சுது. ஓடாத வண்டிக்கு எண்ணெய் விடுறாங்கன்னு.

— தடவினதுனாலதானே துருப்பிடிக்காம இருந்துச்சு. திரும்ப ஓட்டலாம்னு உத்தரவு வந்தப்ப வடம் இருக்கு, கம்பம் இருக்கு, உட்கார நாற்காலி இல்ல. அண்ணன் வீடு வீடாப் போய்ப் பிடுங்கிக்கிட்டு வந்தாரு. நான் கூடவே வண்டி ஓட்டிக்கிட்டு. எண்பத்தினாலு நாற்காலியில எழுபத்தியொண்ணு கிடைச்சுது. உங்க வீட்டு முத்தத்துல பாதாமி மரத்தடியில நீங்க உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டிருந்தீங்க.

— கம்பத்தைப் பாரு.

— அண்ணன் சொன்னாரு, 'ஏ பொண்ணு, எந்திரி, இது அரசாங்கத்து நாற்காலி.' நீங்க சொன்னீங்க, 'எந்திரிக்க மாட்டேன், வேணும்னா என்னோட சேத்துத் தூக்கிட்டுப் போங்க.'

— விளையாட்டுக்குச் சொன்னேன்.

— அண்ணனுக்கு விளையாட்டுத் தெரியாது மதினி. அடுத்த வாரமே ஆட்டை ஓட்டிக்கிட்டுப் பொண்ணு கேக்க வந்துட்டாரு.

— வெள்ளைப்பல்லு, இந்த ரேடியோவை டிக்கெட் கொடுக்கிற பொண்ணும் கேக்குறா.

— கேக்கட்டும். சின்னப் பொண்ணு, தெரிஞ்சுக்கட்டும். பதினொண்ணாம் நம்பர் கம்பம் வந்துட்டேன். உருளை ரப்பர் புதுசா இருக்கு. அழகா மாத்தியிருக்காரு.

— ம்.

— என்ன 'ம்'? புருஷனைப் பாராட்டினா ஒரு வார்த்தை வராதா?

— மேல போய்ச் சேர்ந்ததும் சொல்லு. ரேடியோவை வைக்கிறேன்.

*

— அண்ணே, கதவைத் திற.

— திறந்துதான் கிடக்கு. பூட்ஸைத் தட்டிட்டு வா.

— இந்தா, தூக்கு. சீஃப் கொடுத்தது.

— ம்ம்.

— முதல்ல குடி. சண்டையை அப்புறம் போடலாம்.

— உப்பு கூட.

— கோவத்துல போட்டிருப்பாங்க.

— அவ உப்பு எப்பவும் கூடத்தான். பத்தொன்பது வருஷமா.

— சரி கிளம்பு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. மூணு கையெழுத்து வேணும்.

— பேப்பரை அனுப்பச் சொல்லு. போட்டு அனுப்புறேன்.

— அவர் முன்னாடி போடணுமாம். சட்டம்.

— முடியாது. குளிர் இறங்குது. வடம் சுருங்கும். வடத்தை இழுத்துப் பிடிக்கிற எடைக்கல் எவ்வளவு ஏறுதுன்னு நான் இருந்து பாக்கணும்.

— எடைக்கல் நம்ம அப்பா காலத்துல இருந்து அந்தக் குழிக்குள்ளதான் தொங்குது. வடம் நீண்டா இறங்கும், சுருங்கினா ஏறும். அதுக்கு உன் உத்தரவு வேணுமா?

— பாக்கணும்.

— அண்ணே, ஊரு சிரிக்குது. மதினி உன்னை விரட்டிட்டாங்க, நீ மேல உட்கார்ந்து முறைச்சுக்கிட்டிருக்கேன்னு ரொட்டிக்கடை முழுக்கப் பேச்சு.

— விரட்டினாளா? யார் சொன்னா?

— அவங்களேதான் சொன்னாங்க. வரிசையில நின்ன பன்னிரண்டு பேருக்கு முன்னாடி.

— என்னைக்கு?

— நீ மேல வந்த மறுநாள் காலையில.

— மறுநாளா?

— ஆமா. ஏன் சிரிக்கிறே?

— ஒண்ணுமில்ல. சூப்பு நல்லாருக்கு.

— இப்பத்தான் உப்புன்னே. பாரு, மதினி கால்ல விழ வெட்கமா இருந்தா நானும் பக்கத்துல விழுறேன். ரெண்டு பேரு விழுந்தா வெட்கம் பாதியாயிடும்.

— அவ கால்ல விழறதுக்கு எனக்கென்ன வெட்கம். தினமும் விழுவேன்.

— அப்ப வா.

— ம்ஹும்.

— சறுக்கி வா.

— முட்டி.

— நடந்து வா.

— இடுப்பளவு பனி. சரிவுக்கு மேல புதுப் பனி கனமா நிக்குது. ஒரு தும்மல் போட்டா எல்லாம் இறங்கும்.

— அப்ப நாற்காலியிலதான் வரணும். ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, எந்திரி.

— தூக்கை முதல்ல கழுவணும்.

— இன்னொரு கையை ஏன் மேசைக்கு அடியில வச்சிருக்கே? எடு.

— கத்தாதே.

— நடுங்குது.

— தெரியுது.

— எத்தனை நாளா? உடம்புக்கு என்ன?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. உட்காரு. சொன்னா யாருகிட்டயும் சொல்லக் கூடாது.

— சொல்ல மாட்டேன்.

— கம்பம் ஏறுற பரீட்சைக்கு ரெண்டு நாள் முந்தி. பதினொண்ணாம் நம்பர்ல உருளை ரப்பர் மாத்திட்டு இறங்கினேன். ஏணிக் கம்பியில ஐஸ். எத்தனையோ தடவை இருந்திருக்கு. அன்னைக்குக் கால் வழுக்கிடுச்சு.

— விழுந்துட்டியா?

— பெல்ட் பிடிச்சுக்கிச்சு. பதினாலு மீட்டர் உயரத்துல தலைகீழா. திரும்பி ஏணியைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆச்சு.

— யாரும் பாக்கலையா?

— ஒரு குதிரை பாத்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவும் போயிடுச்சு.

— அதான் பரீட்சைக்கு வரலையா? நாங்க எல்லாம் கோவம்னு நினைச்சோம்.

— அவளைப் பாத்து எனக்கென்ன கோவம்? நல்லாப் படிச்சா, எழுதினா, ஏறினா. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். டீக் கோப்பையைப் பிடிக்க முடியலை, தெரியுமா? மேசையில வச்சுக் குனிஞ்சு குடிச்சேன்.

— அப்புறம் எப்படி மேல வந்தே?

— வேலைக்கு வராம இருக்க முடியுமா? ஏறும்போது மலை எதிர்ல இருக்கும். கண்ணுக்கு முன்னாடி பனி, மரம், பாறை. சமாளிச்சுக்கிட்டேன். இறங்கும்போது எதிர்ல ஒண்ணுமில்லடா. காலு ரெண்டும் தொங்குது, அதுக்குக் கீழ பள்ளத்தாக்கு, அதுக்கும் கீழ ஏரி. அன்னைக்குச் சாயங்காலம் உட்கார்ந்தேன். மூணு மீட்டர்கூடப் போயிருக்காது. கத்தினேன். அப்ப இங்க காவல் பாக்கிற கிழவர் இருந்தாரு, அவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு ஓடிப் போய் ஒரு மணி அடிச்சாரு. நின்னுச்சு. நாற்காலியை விட்டு, கீழ கட்டியிருக்கிற வலையில குதிச்சு, தவழ்ந்து வந்தேன். அவளுக்குப் போன் பண்ணி, எடைக்கல்லைப் பாக்கணும், இங்கயே தங்குறேன்னு சொன்னேன்.

— மதினி என்ன சொன்னாங்க?

— 'சரி, போர்வை இருக்கா'ன்னு கேட்டா. அவ்வளவுதான்.

— கிழவரு வெளியில சொல்லியிருந்தா?

— அவருக்குக் காது கேக்காது, பேச்சும் கம்மி. என்ன புரிஞ்சுதோ. ஜரில்பெக், நான் லிஃப்ட்காரன். என் லிஃப்டுல எனக்கே உட்கார முடியலைன்னு தெரிஞ்சா, அந்த நாற்காலியில நாளைக்கு எவன் பிள்ளையை நம்பி ஏத்துவான்?

— இப்ப மதினிகிட்ட என்ன சொல்றது?

— வர மாட்டேங்கிறான்னு சொல்லு. பிடிவாதம்னு சொல்லு.

*

— மதினி, கேக்குதா?

— சொல்லு.

— வர மாட்டேங்கிறாரு. பிடிவாதம். எடைக்கல்லு, குளிரு, அது இதுங்கிறாரு.

— சரி.

— சரியா? நான் நாலு திட்டு எதிர்பாத்தேன்.

— நாளைக்கு முன்னாடி இன்னொரு சோதனை பாக்கி இருக்கு. பின்னோட்டம். எந்திரத்தைத் திருப்பி, வடம் பின்பக்கமா ஓடுதான்னு பாக்கணும்.

— அது வெறும் நாற்காலியை வச்சுத்தானே பாப்பாங்க?

— வேலைக்காரங்க உட்காரலாம். பின்னால நழுவாம பிடிக்கிற இரும்புப் பல்லைத் தூக்கிக் கட்டியாச்சு. வேகம் கால் பங்குதான். இந்தத் தடவை ஆள் உட்கார்ந்து கம்பத்துக்குக் கம்பம் உருளையைக் கவனிச்சு எனக்குச் சொல்லணும். ஒருத்தர் இடது பக்கம், ஒருத்தர் வலது பக்கம்.

— ரெண்டு பேரா?

— ரெண்டு பேரு. லிஃப்டை நிறுத்தி வைக்கிறேன். இறங்குற பக்கம் போக வேணாம். நீ வந்து இறங்கினியே, ஏறுற பக்கத்து நாற்காலி, அதுலயே உட்காருங்க. கம்பியைப் போட்டுட்டு எனக்குச் சொல்லு. உங்க அண்ணன்கிட்ட இது சீஃப் உத்தரவுன்னு சொல்லு.

— அந்த நாற்காலி மலையைப் பாத்துல்ல இருக்கு.

— ஆமா. அப்படியே பின்னால வரும். முக்கால் மணி நேரம் ஆகும். காதை மூடிக்கிட்டு வாங்க.

*

— அண்ணே, நீ அதிர்ஷ்டக்காரன். மலையைப் பாத்துக்கிட்டே கீழ போயிடலாம். இப்படி ஒரு சோதனை இருக்குன்னு எனக்கு ஞாபகமே வரலை. நல்லா உட்கார்ந்துக்கிட்டியா?

— ம்ம். கம்பியைப் போடு. கையை அதுமேல வை. என் கை மேல இல்லடா, கம்பி மேல.

— மதினி, உட்கார்ந்தாச்சு. ஓட்டுங்க.

— கிளம்பிடுச்சு.

— எப்படி இருக்கு?

— நிலையம் தூரமாப் போகுது. நாம அங்கயே இருக்கிற மாதிரியும் அது போற மாதிரியும் இருக்கு.

— பின்னால திரும்பாதே.

— திரும்பலை. உருளையைப் பாரு. வேலை கொடுத்திருக்கா.

— பதினாலு சரி. மதினி, பதினாலு சரி. … பதிமூணும் சரி. அண்ணே, கை எப்படி இருக்கு?

— இருக்கு. பேச்சுக் கொடுத்துக்கிட்டே வா.

— மதினி ஒண்ணு சொன்னாங்க. முதல் நாற்காலி லிஃப்ட் நம்ம ஊர்ல இல்லையாம்.

— தெரியும். படிச்சேன். வாழைப்பழக் கதைதானே?

— தெரிஞ்சுமா அப்பா பேரை எழுதினே?

— புத்தகத்துல வாழைப்பழத்துக்கு ஒரு பக்கம் இருக்கு. அப்பா பேரு எங்கயும் இல்ல. எங்கயாவது ஒரு தாள்ல இருக்கட்டும்னு எழுதினேன்.

— பத்து மார்க்கு போச்சே.

— போகட்டும்.

— பதினொண்ணாம் நம்பர் வருது. கண்ணை மூடிக்க.

— மூட மாட்டேன். … அந்த ஏணியில மேலேருந்து மூணாவது படி. அதுதான். சின்னதாத்தான் இருக்கு.

— தாண்டியாச்சு. சரின்னு சொல்லட்டுமா?

— சொல்லு. ஜரில்பெக்.

— ம்?

— இந்த லிஃப்டுல ஆளை உட்கார வச்சு யாரும் பின்னோட்டம் ஓட்டினதில்ல. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட. இன்ஸ்பெக்டர் பட்டியல்ல இப்படி ஒரு சோதனை கிடையாது.

— அப்புறம் ஏன் மதினி…

— அவளுக்குத் தெரியும்.

— நான் சொல்லலை அண்ணே. சத்தியமாச் சொல்லலை.

— நீ சொல்ல வேணாம். விழுந்தா இழுப்பைத் தாங்குறதுக்கு பெல்ட்டுல ஒரு பட்டை மடிச்சுத் தைச்சிருக்கும். ஆள் விழுந்தா அந்தத் தையல் பிரியும். ஒரு தடவைதான் பிரியும். நான் அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால போட்டுட்டேன். சீஃப் ஆனதும் சாமான் எல்லாம் எண்ணித் தேதி போட்டு எழுதினவ அவ.

— இத்தனை நாளாத் தெரிஞ்சா வச்சிருந்தாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— உன்கிட்டயா?

— சரி, அது நியாயம்தான்.

— பாரு, எந்திரம் என்ன மெதுவா ஓடுது. நாற்காலி ஆடவே இல்ல. கம்பத்துக்குக் கம்பம் இன்னும் குறைச்சு எடுக்குறா. இப்படி ஓட்ட எனக்கு வராது.

*

— கம்பியைத் தூக்குங்க. காலை ஊனுங்க, பனி வழுக்கும். … வந்துட்டீங்க.

— ம்ம்.

— சூப்புல உப்பு?

— கூட.

— நாளைக்கு நீங்களே வைங்க. பதிவேடு மேசை மேல இருக்கு. நாளைக்குக் கையெழுத்து. வேலை இடத்தை மட்டும் இன்னைக்கே எழுதிடுங்க. உங்க பேருக்கு நேரா கீழ் நிலையம்னு எழுதுங்க.

— கீழயா? அப்ப மேல?

— நான். கம்பம் ஏறுறதும் இந்தக் குளிர்காலத்துக்கு நான்தான், இவன் கயிறு பிடிப்பான். எந்திரத்தோட சத்தம் கேட்டே பேரிங்கு எதுன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். எனக்கு அது வராது.

— வசந்தத்துல?

— வசந்தம் வரட்டும். ஒரு படி ஏறிப் பாக்கலாம். அப்புறம் ரெண்டாவது. இப்ப உள்ள போங்க, அடுப்புல கெட்டில் கொதிக்குது.

— கனிஷாய்.

— என்ன?

— ஒண்ணுமில்ல. பிரேக் நல்லாப் பிடிச்சுது.

— போங்க, போங்க. … நீ என்ன இங்கயே நிக்கிறே வெள்ளைப்பல்லு?

— ஒரு கணக்கு உதைக்குது மதினி. அண்ணன் கோவத்துல போகலை. நீங்க போன்ல போர்வை இருக்கான்னுதான் கேட்டிருக்கீங்க. அப்ப சண்டை எப்ப நடந்துச்சு?

— எந்தச் சண்டை?

— ரொட்டிக்கடையில சொன்னீங்களே. விரட்டினேன்னு. இந்தப் பதினோரு நாளா ஊரு உங்களை ராட்சசின்னு பேசுது, உங்க அக்காவே வந்து அழுதுட்டுப் போனாங்க.

— அன்னைக்குக் காலையில வரிசையில, அந்தக் காவல்காரக் கிழவர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி கேட்டா, 'நேத்து உங்க வீட்டுக்காரர் நாற்காலி மூணு மீட்டர் வந்து நின்னுடுச்சாமே, மனுஷன் தவழ்ந்து திரும்பிப் போனாராமே, என்ன ஆச்சு'ன்னு. பன்னிரண்டு பேரும் ரொட்டியை மறந்துட்டுத் திரும்பி என் மூஞ்சியைப் பாத்தாங்க. பயந்துட்டாருன்னு அவங்க வாயில வர்றதுக்குள்ள, நான் விரட்டிட்டேன்னு சொல்லிட்டேன்.